இடது கால்

மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் தீவில் ஆண்களுக்கு வேலை இல்லை, பெண்களுக்கு ஓய்வு இல்லை. ஆண்கள் படகுகளை மணலுக்கு மேலே இழுத்துப் போட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடிப்பார்கள், வானத்தைத் திட்டுவார்கள். பெண்கள் சபைக் கொட்டகையில் கூடிப் பட்டைத்துணி ஒட்டுவார்கள். அடித்து மெலிதாக்கிய மரப்பட்டைத் தாள்களை வளைந்த நீளப் பலகைமேல் விரித்து, அரைவேக்காட்டுக் கிழங்குப் பசையால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, சாயம் தோய்த்த துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து, அடியில் இருக்கும் அச்சின் பூவும் கோடும் எழுப்பவேண்டும். கல்யாணமோ சாவோ பிறப்போ, அந்தத் துணி இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது.

அன்றைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது ஆகெசாவின் பிள்ளைக்கான இரண்டாவது துணி; முதல் துணி காய்ந்து அவள் வீட்டுக்குப் போயிருந்தது. பிள்ளை இன்னும் வயிற்றில்தான் இருந்தது, ஏழு மாதம். அதன் அப்பன் ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் தோட்டத்தில் ஆரஞ்சுப் பழம் பறித்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாதது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. அவனுடைய அக்கா ஃபூசி இருந்தாளே, போதாதா? பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் வைப்பவள், மடியில் முதலில் வாங்குபவள், அதன் நல்லது கெட்டதில் தலைமாட்டில் உட்காருகிறவள் அப்பனின் அக்காள்தான். பலகையின் தலைமாட்டிலும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் யாரும் கால் நீட்டுவதில்லை. காலையில் இரண்டு காலையும் ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கவேண்டும். கர்ப்பிணி என்று ஆகெசாவுக்குச் சலுகை உண்டா என்றால், அவளே வேண்டாம் என்பாள். ரோஷக்காரி.

"ஏட்டி ஆகெசா, அந்தப் பசைச் சட்டிய இங்கிட்டு நவுத்து," என்றாள் ஃபூசி.

ஆகெசா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பக்கத்தில் இருந்த லோசலின் கைகொடுத்துத் தூக்கினாள். லோசலின் ஆகெசாவின் தம்பி பெண்டாட்டி, பெரிய தீவிலிருந்து வாழ வந்தவள். ஆகெசாவின் உடம்பு முழுவதும் அவள் தோளில் சாய்ந்தது.

"என்ன மதினி, மரத்துப் போச்சா?"

"ஒண்ணுமில்ல. இந்தக் காலு நேத்துலருந்தே இப்படித்தான். கல்லு மாதிரி கனக்கு."

ஃபூசி எழுந்து வந்து ஆகெசாவின் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். வலது கால் எப்போதும்போல இருந்தது. இடது கால் கணுக்காலிலிருந்து மேலே வீங்கிச் சிவந்து, பழுத்த பப்பாளி மாதிரி மினுங்கியது. ஃபூசியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பொண்ணுட்டி! இடது காலு மட்டும் வீங்குனா பொண்ணுதான். எங்கம்மை என்னைய உண்டாயிருக்கையில இதே காலுதான் வீங்குச்சாம்."

கொட்டகையே கைதட்டியது. ஃபூசியின் தம்பிமார் வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஐந்தும் ஆண். அக்காள் தங்கச்சி இல்லாத வீட்டில் யாருக்கு யார் தலைவணங்குவது? ஃபூசிக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் தலைமாட்டில் உட்கார ஆள் இல்லை. அந்தக் கவலை அவளை அரித்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

"எக்கா, என் மவன உண்டாயிருக்கையில எனக்கு ரெண்டு காலும்லா வீங்குச்சு. அப்ப அவன் யாரு?" என்றாள் எதிர்ப்பக்கத்துப் பிசிலா.

"அவன் தின்னுத தீனிக்கு ரெண்டு ஆளுதான். சரியாத்தான் வீங்கியிருக்கு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆகெசாவும் சிரித்தாள். அவளைத் தாங்கிப் பிடித்திருந்த லோசலினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கை தற்செயலாக அந்தக் காலில் பட்டிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய கிழங்கைத் தொட்ட மாதிரி சுட்டது.

சாப்பாட்டு வேளையில் அவித்த மரவள்ளியும், தேங்காய்ப்பால் ஊற்றிச் சேப்பங்கீரையில் பொதிந்து சுட்ட டின் இறைச்சியும் வந்தன. ஆகெசா ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"மதினி, நான் அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன்," என்றாள் லோசலின்.

"சொல்லுவ, சொல்லுவ. என் தொடை வீங்கிக் கெடக்குன்னு என் கூடப்பொறந்தவன்கிட்ட போயிச் சொல்லுவியா? நாண்டுக்கிட்டுச் சாவேன்."

அதில்தான் இருந்தது சிக்கல். தீவின் சுகாதார நிலையத்தைப் பார்த்துக்கொள்வது ஆகெசாவின் தம்பி, லோசலினின் புருஷன் இசிலேலி. கூட இருந்த நர்ஸ் பயிற்சிக்காகப் பெரிய தீவுக்குப் போயிருந்தாள். எங்கள் ஊரில் அக்காளும் தம்பியும் வயசுக்கு வந்தபிறகு ஒரு கூரையின்கீழ் உட்காருவதில்லை. பையனுக்கு மீசை அரும்பும்போதே அவனுக்குத் தனிக் குடிசை போட்டுவிடுவார்கள். அக்காள் இருக்கிற இடத்தில் தம்பி உடம்பைப் பற்றி வாய் திறக்கமாட்டான், மற்றவர்களும் திறக்கமாட்டார்கள். ஆகெசா கர்ப்பமாக இருப்பதையே யாரும் இசிலேலியிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து அவள் வருகிற பாதையில் அவன் வருவதில்லை, அவ்வளவுதான்.

லோசலின் மழையில் நனைந்துகொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். இசிலேலி ஒரு கிழவனின் காதைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மதினிக்குக் காலு வலிக்காம்," என்றாள்.

கால் என்றாள். தொடை என்று சொல்ல வாய் வரவில்லை. புருஷன்தான், ஆனாலும் அவருடைய அக்காள் அல்லவா? இசிலேலியும் தலையைக் குனிந்துகொண்டான். வேறு யாருக்காக வந்திருந்தாலும் எந்தக் கால், எந்த இடம், எப்போதிலிருந்து என்று துளைத்தெடுத்திருப்பான். இப்போது அலமாரியைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நேரம் மடக்கி உக்காந்திருப்பாவ," என்று வலி மாத்திரையும் ஒரு தைல டப்பியும் எடுத்துக் கொடுத்தான். அவளும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டு நல்ல மனிதர்கள் மரியாதை பார்த்து ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டார்கள்.

தைலத்தைக் கண்டதும் ஃபூசி குஷியாகிவிட்டாள். "பாத்தியா, வைத்தியனே தேய்க்கத்தான் சொல்லியிருக்கான். இந்தத் தண்ணித் தைலம் யாருக்கு வேணும்? சாயங்காலம் தேங்கா எண்ணெயக் காய்ச்சி நான் உருவி விடுதேன். நாளைக்கு ஓடுவா."

ஃபூசியின் கை பெயர்பெற்ற கை. குடல் ஏறினால், சுளுக்கினால், பிள்ளை குறுக்கே கிடந்தால் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். லோசலின் தலையாட்டினாள். ஆனால் அவள் கையில் அந்தச் சூடு அப்படியே இருந்தது. ஆகெசாவின் வீட்டில் அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டியை வைக்கிறவரை பொறுத்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி வெளியே வந்து, குடத்தை வேலியோரம் போட்டுவிட்டு ஓடினாள்.

இசிலேலி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சரியாச் சொல்லல," என்றாள். "கால் இல்ல. தொடை. இடது தொடை வரைக்கும்."

சாவிக்கொத்து அவன் கையிலிருந்து விழுந்தது. திரும்பி மழையைப் பார்த்து நின்றான். காது மடல்கள் சிவந்திருந்தன. லோசலினுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. மழையிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஒரு காலு மட்டுமா?"

"ஒண்ணுதான்."

"சூடு?"

"கொதிக்கு. ஃபூசியக்கா எண்ணெ காய்ச்சுதாவ. உருவப் போறாவ."

அப்போதுதான் அவன் திரும்பினான். அந்த முகத்தை லோசலின் அதற்குமுன் பார்த்ததில்லை. "தேய்க்கக் கூடாது! லோசா, ஓடு. யாரையும் தொடவிடாத. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குதுன்னு நெனைக்கேன். தேய்ச்சா அது பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிரும். போச்சுன்னா…" குனிந்து சாவியை எடுத்தான். "ரெண்டு காலையும் ஒரே எடத்துல சுத்தி அளந்துட்டு வா. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போடுதேன்."

அளக்க அங்கே இருந்த நாடா பிள்ளைகளின் தலையை அளக்கிறது, தொடைக்கு எட்டாது. லோசலின் நாடாவுக்குக் காத்திருக்கவில்லை.

அவள் உள்ளே நுழைந்தபோது ஃபூசி வேலையை ஆரம்பித்திருந்தாள். ஆகெசா பாயில் கிடந்தாள். ஃபூசியின் எண்ணெய்க் கை அவள் கெண்டைக்காலைப் பிடித்து மேல்நோக்கி ஒருமுறை உருவிவிட்டு, மறுமுறைக்கு இறங்கியது. லோசலின் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஃபூசியின் கையை இதுவரை யாரும் பிடித்ததில்லை.

"கைய எடுட்டி," என்றாள் ஃபூசி மெதுவாக.

"எக்கா, தேய்க்கக் கூடாதாம். அவிய சொல்லுதாவ."

"எவிய? அவனா? அவன் இவ காலப் பத்திப் பேசுனானா? த்தூ! வாழ வந்தவ நீ. எங்க வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? பொண்ணு பொறக்கப் போவுதுன்னு ஒனக்குப் பொறாமை."

"என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. காலுல போட்டு வேணும்னாலும் மிதிங்க. இந்தக் காலத் தொடாதீங்க."

பேசிக்கொண்டே அவள் மூலையில் சுருட்டி வைத்திருந்த பட்டைத்தாளிலிருந்து இரண்டு கீற்று கிழித்தாள். ஒன்றை இடது தொடையில் சுற்றி, முனை சேருகிற இடத்தில் கிள்ளினாள். இன்னொன்றை வலது தொடையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தபோது ஒன்று நான்கு விரற்கடை நீண்டு தொங்கியது. ஆகெசாவே அதைப் பார்த்தாள். அவள் கண்ணில் முதல்தடவையாகப் பயம் வந்தது.

சுகாதார நிலையத்தில் இசிலேலி அந்தக் கீற்றுகளைக் கையில் வாங்கவில்லை, மேசையில் வைக்கச் சொன்னான். பார்த்தான், போனில் சொன்னான். பெரிய தீவிலிருந்து டாக்டரம்மா பேசியது லோசலினுக்கும் கேட்டது. ரத்தத்தை உறையவிடாத மருந்து அங்கே இருக்கிறதா? இரண்டு ஊசி இருக்கிறது என்றான் இசிலேலி. இப்போதே ஒன்று போடுங்கள், வயிற்றின் பக்கவாட்டில், தோலுக்கு அடியில். போட்டுவிட்டுக் காற்று எப்படி இருந்தாலும் படகில் ஏற்றுங்கள், காத்திருக்காதீர்கள்.

"நர்ஸ் இல்ல டாக்டர். நான்… அவிய எனக்கு அக்கா."

டாக்டரம்மாவும் எங்கள் ஊர்ப் பெண்தான். "அப்ப உங்க வீட்டுக்காரிக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள்.

அவன் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினான். இப்படிப் பிடி, நேராக இறக்கு, மெள்ள அமுக்கு. லோசலின் வெறுங்கையால் செய்து காட்டினாள்.

இசிலேலியும் கூடவே வந்தான். வீட்டுக்குள் வராமல் வாசலுக்கு வெளியே சீமைப்பலா மரத்தடியில், முதுகைக் காட்டி நின்றான். மழை அவன் கழுத்தில் வழிந்தது. கடற்கரையில் படகுக்காரன் மோலிதோனி படகைத் தள்ள ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

உள்ளே ஊசியைக் கண்டதும் ஃபூசி நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "வயித்துலயா? பிள்ள இருக்க வயித்துலயா குத்துவ? எம் மருமவ மேல ஊசி பட்டா?"

"கையில போடக் கூடாதாட்டி?" என்றாள் ஆகெசா ஈனமாக.

"டாக்டரம்மா வயித்துப் பக்கந்தான்னு சொல்லியிருக்காவ மதினி. தோலுக்குக் கீழதான். பிள்ளைகிட்டயே போவாது."

லோசலின் மண்டிபோட்டு ஊசியின் மூடியைக் கழற்றினாள். அந்தப் பெரிய வயிறு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. உள்ளே பிள்ளை புரண்டதில் தோல் ஓரிடத்தில் புடைத்து அடங்கியது. லோசலின் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்தாள். கிள்ளிப் பிடித்த சதை எண்ணெயில் வழுக்கியது. ஊசி கைதவறி விழுந்து, எண்ணெய்ச் சட்டியில் இடித்து, முனை வளைந்துவிட்டது.

ஒன்றுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஆகெசா இருமினாள். சின்ன இருமல்தான். ஆனால் இருமிவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு இழுக்கையில இங்க குத்துது," என்றாள்.

ஃபூசி தன் எண்ணெய்க் கையைப் பார்த்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. இசிலேலி வந்து படியில் உட்கார்ந்திருந்தான், தலை முழங்காலுக்குள் இருந்தது. அக்காள் படுத்துக்கிடக்கிற வீட்டு வாசலில் தம்பி! பிசிலா முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு பேர் எழுந்து பின்வாசல் வழியாகப் போயே விட்டார்கள்.

"அக்கா," என்றான். "ஒங்க தொடையில ரத்தம் உறைஞ்சிருக்கு. ஒங்க கர்ப்பத்துனாலதான். பிரசவத்துல ரத்தம் நிறைய போயிராம இருக்க ஒடம்பே ரத்தத்தைக் கெட்டியாக்கும். ஒங்களுக்கு அது கூடிப்போச்சு. வயித்துல இந்த ஊசியப் போடணும். லோசாவால முடியல. நான்தான் போடணும்."

தொடை என்றான், கர்ப்பம் என்றான், வயிறு என்றான். அவன் பிறந்ததிலிருந்து அவளிடம் சொல்லாத வார்த்தைகள் அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ஆகெசா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். வலியில் அழவில்லை, வெட்கத்தில் அழுதாள்.

"அவனப் போகச் சொல்லு லோசா. நான் இப்படியே செத்துப் போறேன். அவன் முகத்துல இனிமே நான் எப்படி முழிப்பேன்?"

"முழிக்காண்டாம்!" என்று கத்தினான் இசிலேலி. அவன் கத்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. "ஆயுசுக்கும் என் முகத்துல முழிக்காண்டாம் அக்கா. ஆனா உசுரோட இருந்து முழிக்காம இரு!"

லோசலின் அழுதுவிட்டாள். இதற்குமேல் யார் என்ன சொல்வது? அவர் உள்ளே வர முடியாது, அவள் அனுமதிக்கமாட்டாள், ஊசி ஒன்றுதான் இருக்கிறது. மதினி போய்விடுவாள் என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஃபூசி எழுந்தாள். மூலையில் காய்ந்து சுருட்டி வைத்திருந்த புதுப் பட்டைத்துணியை, அந்தப் பிள்ளைக்காக மழைக்காலம் முழுவதும் ஒட்டியதை, இழுத்துப் பிரித்தாள். ஆகெசாவின் தலையிலிருந்து கால்வரை அதைப் போர்த்தினாள். முகம், வயிறு, கால் எல்லாம் மறைந்தது. பிறகு அடுக்களைக் கத்தியை எடுத்தாள்.

"எக்கா, என்ன செய்யுதிய!" என்றாள் பிசிலா.

ஃபூசி காதில் வாங்கவில்லை. துணியைத் தூக்கிப் பிடித்து, இடுப்புக்குப் பக்கத்தில் கத்தியைச் செருகி, உள்ளங்கை அளவுக்கு வட்டமாக அறுத்தெடுத்தாள். அது அரசர் வீட்டு விசேஷத்துக்கே கொண்டுபோகலாம் என்று அவளே பெருமையடித்த துணி. ஓட்டையைச் சதைக்கு நேராக இழுத்துவிட்டு, தன் கை எண்ணெயைத் தன் பாவாடையாலேயே துடைத்து, கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"வாலே உள்ள," என்றாள் வாசலைப் பார்த்து. "இங்க ஒனக்கு அக்கா இல்ல. ஒரு கையளவு தோலுதான் இருக்கு. வந்து போடு."

இசிலேலி முழங்காலால் நகர்ந்து வந்தான். தலை நிமிரவில்லை. ஓட்டையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. லோசலின் மருந்துப் பஞ்சால் துடைத்தாள். ஊசி இறங்கியது, மருந்து இறங்கியது. அவன் அப்படியே பின்வாங்கி நகர்ந்து, படியிறங்கி, மரத்தடிக்குப் போய் வாந்தியெடுத்தான்.

படகில் அவன் முன்முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தான். ஆகெசா துணிக்குள் லோசலினின் மடியில் கிடந்தாள். ஃபூசியும் ஏறிக்கொண்டாள், யாரும் கூப்பிடாமலே. அலை தூக்கிப் போடும்போதெல்லாம், "நான் ஒரு தடவதான் உருவுனேன் லோசா, ஒரு தடவதான்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லோசலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை ஃபூசி எடுக்கச் சொல்லவில்லை.

நெஞ்சுக்குப் போனது சின்னத் துணுக்குதான், மருந்து நேரத்துக்குப் போயிருக்கிறது என்றாள் டாக்டரம்மா. ஃபூசி விடவில்லை. "இடது காலாச்சே, பொண்ணுதான டாக்டரம்மா?"

"பிள்ள வளர வளர அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் அமுங்கும், அதான் பெரும்பாலும் இடது காலுல வருது. ஆணா பொண்ணாங்கறதுக்கும் அம்மா ரத்தம் உறையறதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பெரிய பெரிய ஊர்ல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்கே இன்னும் முடிவு தெரியல. காலப் பாத்துச் சொல்ல நம்மால முடியாது."

இரண்டு மாதம் கழித்து அங்கேயே பிறந்தது ஆண். ஃபூசி மடியில் வாங்கினாள், துணியை விலக்கிப் பார்த்தாள், நெடுமூச்சு விட்டாள். "ஆறாவது," என்றாள். பிறகு அவன் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்பநேரம் எடுக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பி விருந்து வைத்த அன்று, அந்தத் துணியைத்தான் நடுவில் விரித்தாள். சின்னக் கிழிசலுக்கே ஒட்டுப்போடுகிற ஊர் இது. பிசிலா பசைச் சட்டியோடு வந்தாள். "எவளாச்சும் ஒட்டுப் போட்டீய, கைய ஒடிச்சிருவேன்," என்றாள் ஃபூசி. ஓட்டையோடேயே பிள்ளையை அதில் கிடத்தினார்கள்.

ஆகெசா தினமும் தன் வயிற்றில் தானே ஊசி போடக் கற்றுக்கொண்டிருந்தாள், இன்னும் சில வாரங்களுக்கு அது உண்டு. மருந்தை லோசலின்தான் கொண்டுவந்து கொடுப்பாள். இசிலேலியும் ஆகெசாவும் அன்றைக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சொன்ன சொல்லை இரண்டு பேருமே காப்பாற்றினார்கள். விருந்தன்றும் அவன் வெளியே, சீமைப்பலா மரத்தடியில், முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான். லோசலின் அவனுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஆகெசா கூப்பிட்டாள்.

"லோசா, இதையும் கொண்டுபோ." பிள்ளையைத் தூக்கி அவள் கையில் வைத்தாள். பிறகு வெளியே கேட்கும்படியாகவே சொன்னாள். "ஒங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லு. தாய்மாமன் முகத்துல மருமவன் முழிக்கலாம், அதுக்குத் தடை இல்ல. எனக்கும் சேத்து இவன் முழிக்கட்டும்."

இசிலேலி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. லோசலின் தட்டைப் பக்கத்தில் வைத்து, சாப்பிடுங்கள் என்றாள். அவன் தட்டைத் தொடவில்லை. கீரையும் கிழங்கும் ஆறிப்போகிறவரை, அது கண்ணைத் திறப்பதற்காகக் குனிந்தபடி காத்திருந்தான்.